ஒன்றரை மடங்கு: எஸ். எஸ். பிள்ளை நிறுத்திய இடத்தில் இன்னும் நிற்கும் கணக்கு

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல டிரெய்லர் லாரி வரிசைக்குப் பின்னாடி ஒரு தடவையாவது மாட்டியிருப்பீங்க. நாற்பது அடி டிரெய்லர்ல இருபது அடி கன்டெய்னர் ரெண்டு ஏறும். யார்டுல இருக்கிற பெட்டிங்க இரட்டைப்படையா இருந்தா எல்லாம் ஜோடி ஜோடியா போயிடும். ஒற்றைப்படையா இருந்தா ஒண்ணு மட்டும் தனியா நிக்கும். இன்னைக்கு எபிசோடுக்கு இந்த ஒரு படம் போதும்.

ஒரு கற்பனை யார்டு. முதல் நாள் 2 பெட்டி. விதி ஒண்ணே ஒண்ணுதான்: ஒவ்வொரு நாளும், ஏற்கெனவே இருக்கிறதுல பாதி அளவு புதுசா வந்து சேரும். பாதி கணக்குல அரைப் பெட்டி வந்தா, அதை முழுப் பெட்டியா எடுத்துக்கணும். அதாவது தினமும் ஒன்றரை மடங்கு, பின்னம் வந்தா மேல தூக்கிடு. அவ்வளவுதான்.

2, 3, 5, 8, 12, 18, 27, 41, 62, 93, 140, 210, 315, 473, 710, 1065, 1598, 2397, 3596, 5394...

இதுல பகடை கிடையாது, சீட்டுக்குலுக்கல் கிடையாது. அஞ்சாம் கிளாஸ் பிள்ளை நோட்டுல போட்டுடும். இப்போ ஒவ்வொரு எண்ணும் ஒற்றையா இரட்டையான்னு மட்டும் பாருங்க. இரட்டை, ஒற்றை, ஒற்றை, இரட்டை, இரட்டை, இரட்டை, ஒற்றை, ஒற்றை, இரட்டை, ஒற்றை... காசைச் சுண்டிப் போட்டு எழுதின மாதிரி இருக்கா? இந்த 20 எண்ல இரட்டை 11, ஒற்றை 9. லேப்டாப்ல ஆயிரக்கணக்கான நாளுக்கு ஓட விட்டாலும் பாதிக்குப் பாதி பக்கத்துலயேதான் ஒட்டிட்டு நிக்கும்.

சரி, நீண்ட காலத்துல உண்மையிலேயே பாதிக்குப் பாதிதானா? யாருக்கும் தெரியாது. நிரூபணம் இல்லை. இவ்வளவு எளிமையான விதி, இவ்வளவு எளிமையான கேள்வி, பதில் இல்லை.

இந்தக் கேள்விக்கு ரொம்ப நெருங்கிய ஒரு கேள்வியை 1930கள்ல சிதம்பரம் பக்கத்துல, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல உட்கார்ந்திருந்த ஒருத்தர் எதிர்கொண்டார். அவர் பெயர் எஸ். எஸ். பிள்ளை. முழுப்பெயர் சுப்பய்யா சிவசங்கரநாராயண பிள்ளை. இன்னைக்கு எபிசோடு அவரைப் பத்தியும், அவரோட தேற்றத்துல இன்னும் திறந்தே கிடக்கிற ஒரு வரியைப் பத்தியும்.

நம்ம ஏரியாவுக்குத் தெரிஞ்ச ஒரே பெயர்

வட சென்னைக்காரங்களுக்குக் கணிதம்னா ஒரே பெயர்தான். 1912 மார்ச் மாசம் மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்ல கணக்குப் பிரிவு குமாஸ்தாவா, மாசம் 30 ரூபாய் சம்பளத்துல சேர்ந்த ராமானுஜன். ரெண்டு வருஷம் கழிச்சு இதே துறைமுகத்துலேர்ந்துதான் கப்பல் ஏறினார். அவர் பெயர்ல ராயபுரத்துல ஒரு சின்ன அருங்காட்சியகமே இருக்கு. பி. கே. சீனிவாசன் என்கிற கணித ஆசிரியர் 1993ல தொடங்கினது. போகாதவங்க போய்ட்டு வாங்க.

ராமானுஜன் 1920ல இறந்தார். அதோட கதை முடிஞ்சதுன்னுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் இன்ஜினியரிங் நாலு வருஷம் கணக்கு பேப்பர் எழுதிட்டு, அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். ஆனா ராமானுஜன் கேம்பிரிட்ஜ்ல இருந்த அதே காலத்துல அங்க படிச்ச இன்னொரு தமிழ்நாட்டு ஆள் உண்டு: கே. ஆனந்த ராவ். அவர் திரும்பி வந்து சென்னை மாநிலக் கல்லூரியில பேராசிரியர் ஆனார். அவர்கிட்ட ஒரு தலைமுறையே எண் கணிதம் கத்துக்கிட்டது. 1927ல சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி உதவித்தொகையோட அவர்கிட்ட வந்து சேர்ந்தவர்தான் பிள்ளை.

பிள்ளை பிறந்தது 1901 ஏப்ரல் 5, குற்றாலம் பக்கத்துல வல்லம் கிராமம். ஒரு வயசுல அம்மா இறந்துட்டாங்க. பள்ளிக்கூடத்தோட கடைசி வருஷத்துல அப்பாவும் இறந்துட்டார். படிப்பு அங்கேயே நின்னு போயிருக்கணும். அவருக்குப் பாடம் எடுத்த சாஸ்திரியார் என்கிற ஆசிரியர் கைகொடுத்தார். அப்புறம் நாகர்கோவில் ஸ்காட் கிறித்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, அங்கேர்ந்து சென்னை. 1929ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல விரிவுரையாளர். அங்க 12 வருஷம். அவரோட பெரிய வேலை எல்லாம் நடந்தது அந்தக் காலத்துலதான்.

வாரிங்கின் கேள்வி

1770ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. லக்ராஞ்ச் ஒண்ணு நிரூபிச்சார்: எந்த முழு எண்ணையும் நாலு வர்க்க எண்களோட கூட்டலா எழுதிடலாம். உதாரணமா 7ன்னா 4 + 1 + 1 + 1. அதே வருஷம் இங்கிலாந்தின் எட்வர்ட் வாரிங், நிரூபணம் எதுவும் இல்லாம, ஒரு புத்தகத்துல எழுதி வெச்சார்: கன எண்கள்னா 9 போதும், நாலாம் அடுக்குன்னா 19 போதும், இப்படியே மேலேயும் போகும்.

இந்த 9, 19 எல்லாம் எங்கேர்ந்து வருது? இதுல ஒரு அழகான தந்திரம் இருக்கு. கன எண்கள் 1, 8, 27... இப்போ 23ஐ எடுத்துக்கோங்க. 27ஐ விடச் சின்னது, அதனால 1ம் 8ம் மட்டும்தான் கையில இருக்கு. ரெண்டு 8, மிச்சம் ஏழு 1. மொத்தம் 9. இதைவிடக் குறைக்க முடியாது. நாலாம் அடுக்குக்கு 79: 81ஐத் தொட முடியாது, அதனால நாலு 16, பதினஞ்சு 1. மொத்தம் 19. ஆறாம் அடுக்குக்கு 703: 729க்குக் கீழே இருக்கு, அதனால பத்து 64, அறுபத்து மூணு 1. மொத்தம் 73.

சில்லறை கணக்குதான் இது. 729 ரூபாய் நோட்டைப் பயன்படுத்த முடியாதபடி ஒரு தொகையைச் சொல்லிட்டா, கடைக்காரர் 64 ரூபாய் நோட்டும் 1 ரூபாய் காசுமா எண்ணிக் கொட்டணும். ஒவ்வொரு அடுக்குக்கும் இந்த மாதிரி ஒரு தொல்லை பிடிச்ச எண் இருக்கு. அதனால குறைந்தபட்சம் இத்தனை தேவைன்னு உடனே சொல்லிடலாம். கஷ்டம் மறுபக்கம்: உலகத்துல இருக்கிற எல்லா எண்ணுக்கும் இத்தனை போதும்னு காட்டணும்.

139 வருஷம் ஓடிச்சு. 1909ல ஹில்பர்ட், ஒவ்வொரு அடுக்குக்கும் ஏதோ ஒரு எல்லை உண்டுன்னு மட்டும் நிரூபிச்சார். எல்லை எவ்வளவுன்னு சொல்ல அது உதவலை. அப்புறம் ஹார்டி, லிட்டில்வுட், ரஷ்யாவின் வினோகிராதோவ் எல்லாரும் கனமான கருவிகளை உருவாக்கினாங்க. அந்தக் கருவிகளை எடுத்து, 1936ல ரெண்டு பேர் தனித்தனியா கோட்டையைத் தாண்டினாங்க. ஒருத்தர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிக்ஸன், அமெரிக்காவின் பெரிய பெயர். இன்னொருத்தர் அண்ணாமலைநகர்ல உட்கார்ந்திருந்த பிள்ளை.

ஆறாம் அடுக்கு மட்டும் தனியா முரண்டு பிடிச்சது. அதையும் 1940ல பிள்ளையே முடிச்சார். விடை, மேல நாம சில்லறை எண்ணிப் பார்த்த அதே 73.

ஒரு வரி நிபந்தனை

இப்போதான் நம்ம யார்டு திரும்ப வருது. பிள்ளையும் டிக்ஸனும் கொடுத்த சூத்திரம் ஒரு நிபந்தனையோட வந்துச்சு. அதைப் பள்ளிக்கூட வகுத்தல்லயே சொல்லிடலாம். 3இன் அடுக்கை, அதே அளவு 2இன் அடுக்கால வகுங்க. ஈவு, மீதி ரெண்டையும் கூட்டுங்க. அந்தக் கூட்டல் 2இன் அடுக்கைத் தாண்டக் கூடாது. தாண்டலைன்னா சூத்திரம் அப்படியே பொருந்தும்.

நாலாம் அடுக்கு: 81 = 5 × 16 + 1. ஈவும் மீதியும் 6. பதினாறுக்குள்ள அடங்கிடுச்சு.
அஞ்சாம் அடுக்கு: 243 = 7 × 32 + 19. கூட்டினா 26. முப்பத்திரண்டுக்குள்ள, ஆனா கொஞ்சம் நெருக்கம்.
ஆறாம் அடுக்கு: 729 = 11 × 64 + 25. கூட்டினா 36. பிரச்சினை இல்லை.
பத்தாம் அடுக்கு: 59049 = 57 × 1024 + 681. கூட்டினா 738. பிரச்சினை இல்லை.

மீதிகளை மட்டும் வரிசையா பாருங்க: 1, 1, 3, 1, 19, 25, 11, 161, 227, 681... ஒரு ஒழுங்கும் தெரியலை. திடீர்னு ஏறுது, திடீர்னு 25லேர்ந்து 11க்கு விழுது.

வேற மாதிரி சொன்னா: 1.5ஐ 1.5ஆல பெருக்கிக்கிட்டே போங்க. 1.5, 2.25, 3.375, 5.06, 7.59, 11.39, 17.09... முழுப் பகுதிதான் ஈவு. புள்ளிக்குப் பின்னாடி இருக்கிற துண்டுதான் மீதியோட வேலையைச் செய்யுது. அந்தத் துண்டு 1க்கு ரொம்ப ரொம்பப் பக்கத்துல, 0.9999ன்னு போய் நின்னா மட்டும்தான் நிபந்தனை உடையும்.

நம்ம யார்டும் இதே ஒன்றரை மடங்குதான். ஒரே வித்தியாசம், யார்டுல உடைஞ்ச அரைப் பெட்டியை மேல தூக்கி முழுசாக்கிட்டோம். பிள்ளைக்கு அந்த வசதி இல்லை, உடைஞ்ச துண்டைத் தூக்கிப் போடாம கணக்குலயே வெச்சிருக்கணும். ஆனா குழப்பத்தோட ஊற்று ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்: முழு எண் இரட்டையா இருந்தா, அதோட பாதி சுத்தமா வரும். ஒற்றையா இருந்தா, ஒரு அரை மிஞ்சி துண்டோட போய்ச் சேரும். ஒவ்வொரு அடியிலும் ஒற்றையா இரட்டையாங்கிற அந்தக் காசுதான் துண்டை இங்கேயும் அங்கேயும் தூக்கி எறியுது.

காசுன்னு நினைச்சுக்கிட்டா

சரி, ஒரு நிமிஷம் துண்டுகள் எல்லாம் உண்மையிலேயே குலுக்கல்னு வெச்சுப்போம். நிபந்தனை உடையற ஆபத்துப் பகுதி எவ்வளவு பெருசு? பத்தாம் அடுக்குல நூத்துக்கு ஆறு பங்கு. இருபதாம் அடுக்குல ஆயிரத்துக்கு மூணு பங்கு. நூறாம் அடுக்குல மூணு லட்சம் கோடியில ஒரு பங்கு. ஒவ்வொரு அடிக்கும் முக்காலாகச் சுருங்கிட்டே போகுது. தார் ரோட்டுல வரைஞ்ச கோடு, அப்புறம் நூல், அப்புறம் சிலந்தி வலை, அப்புறம் கண்ணுக்கே தெரியாது.

சின்ன அடுக்குகளைக் கையால பார்த்தாச்சு, அதுல ஒண்ணும் உடையலை. பெரிய அடுக்குல உடையணும்னா, கண்ணுக்குத் தெரியாத அந்த இழை மேல துண்டு சரியா வந்து விழணும். குலுக்கல்னா, அது நடக்கவே நடக்காதுன்னு பந்தயம் கட்டலாம்.

பந்தயம் கட்டலாம், ஆனா தேற்றம் எழுத முடியாது. ஏன்னா இது குலுக்கல் இல்லை. அடுத்த எண் என்னங்கிறது முதல் அடியிலயே தீர்மானமாயிடுச்சு. குலுக்கல் மாதிரி தெரியுதுங்கிறது ஒரு தோற்றம். அந்தத் தோற்றத்தை நம்பி எந்த வரியையும் முடிக்க முடியாது.

கணினி வந்த பிறகு சரிபார்த்தாங்க. 1990ல குபினா, வுண்டர்லிக் என்கிற ரெண்டு பேர் 47 கோடியே 16 லட்சமாவது அடுக்கு வரைக்கும் பார்த்து முடிச்சாங்க. ஒண்ணுகூட உடையலை. கோடு எழுதறவங்க யாராவது இருந்தா ஒரு எச்சரிக்கை: இதை வீட்டுல 1.5ன்னு தசம எண்ணா போட்டு ஓட்டிடாதீங்க. நான் முதல்ல அப்படித்தான் ஓட்டினேன். 33ஆம் அடுக்கு வரைக்கும் சரியா வரும். அதுக்கு மேல கணினி தன் பாட்டுக்கு உருட்ட ஆரம்பிக்கும். 90ஐத் தாண்டினா எல்லாத் துண்டும் சுத்தமா பூஜ்யம்னு காட்டும். ஆஹா, ஏதோ பெருசா கண்டுபிடிச்சிட்டோம்னு பத்து நிமிஷம் சந்தோஷமா இருந்தேன். பிரச்சினை கணிதத்துல இல்லை, 64 பிட்டுக்குள்ள இடம் தீர்ந்து போச்சு. முழு எண் வகுத்தலா, ஈவு மீதியா எழுதினாதான் உண்மை வரும். பிள்ளை காகிதத்துல எழுதின மாதிரியே.

இன்னொரு தமிழர்

இந்தத் துண்டுகளை நேரடியா பிடிக்கப் பார்த்தவர் இன்னொருத்தர்: டி. விஜயராகவன். பிள்ளையைவிட ஒரு வயசு சின்னவர். ஆக்ஸ்ஃபோர்டுல ஹார்டியோட மாணவர், டாக்கா பல்கலைக்கழகத்துல பணியாற்றினவர். பின்னாடி 1950ல அழகப்பச் செட்டியார் சென்னையில ராமானுஜன் கணித நிறுவனத்தைத் தொடங்கினப்போ அதோட முதல் இயக்குநர்.

எந்த எண்ணையும் தொடர்ந்து பெருக்கினா துண்டுகள் சிதறிடும்னு நினைச்சிடாதீங்க. தங்க விகிதம்னு சொல்ற 1.618...ஐ அடுக்கடுக்கா பெருக்கிப் பாருங்க: 6.854, 11.09, 17.94, 29.03, 46.98... போகப் போக முழு எண்களோட ஒட்டிக்கும். சிதறலே இல்லை. இந்த மாதிரி ஒழுக்கமான எண்களுக்கு இன்னைக்கு உலகம் முழுக்க பிசோ-விஜயராகவன் எண்கள்னு பேர். அந்தப் பேர்ல இருக்கிறவர் இவர்தான்.

1.5 அந்தக் கூட்டத்துல இல்லை. 1940ல விஜயராகவன் நிரூபிச்சார்: 1.5இன் அடுக்குகளோட துண்டுகள் ஒரு சில இடங்களைச் சுத்தி மட்டும் குவிஞ்சு அடங்கிடாது, அவை நெருங்கி நெருங்கி வர்ற இடங்கள் எண்ணிக்கையில்லாம இருக்கு. கேட்டா சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா இந்த வரிசையைப் பத்தி உறுதியா சொல்ல முடிஞ்ச வெகு சில விஷயங்கள்ல அது ஒண்ணு. அதுக்கு அடுத்த பெரிய அடி 1995ல வந்தது. ஃபிளாட்டோ, லகாரியஸ், பாலிங்டன் மூணு பேரும், துண்டுகள் மூணில் ஒரு பங்கைவிடச் சின்ன இடைவெளிக்குள்ள முடங்கிக் கிடக்க முடியாதுன்னு காட்டினாங்க. 55 வருஷத்துக்கு அதுதான் முன்னேற்றம்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 1935லயே நெதர்லாந்தின் கோக்ஸ்மா ஒண்ணு நிரூபிச்சிருந்தார்: 1க்கு மேல கிட்டத்தட்ட எந்த எண்ணை எடுத்து அடுக்கடுக்கா பெருக்கினாலும், துண்டுகள் எல்லா இடத்துலயும் சமமா பரவும். கிட்டத்தட்ட எந்த எண்ணும்! ஆனா 1.5 அந்தக் கூட்டத்துல இருக்கான்னு கேட்டா, தெரியாது. ஊர்ல எல்லாரும் நல்லவங்கன்னு தெரியும், எதிர்வீட்டுக்காரரைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்ல முடியலைங்கிற கதை.

மாலர்: நம்பிக்கையும் ஒரு குறையும்

1957ல கர்ட் மாலர், பிள்ளையோட நிபந்தனைக்கு இதுவரைக்கும் கிடைச்சதுல பலமான பதிலைக் கொடுத்தார். நிபந்தனை உடையற அடுக்குகள் இருந்தாலும், அவை எண்ணிக்கையில முடிவுள்ளவைதான், முடிவில்லாம வராது. ஆனா அந்த நிரூபணத்துல ஒரு குறை. கடைசி விதிவிலக்கு எந்த அடுக்குக்குள்ள வந்து முடியணும்னு அது சொல்லாது. 47 கோடிக்குள்ளயா, அதுக்கு அப்பாலயா? பதில் இல்லை. அதனால அந்த ரெண்டையும் சேர்த்துக்கூட கேஸை மூட முடியலை. கணினி ஒரு இடம் வரைக்கும் பார்த்தது, மாலர் எங்கேயோ ஒரு இடத்துக்கு அப்புறம் இல்லைன்னார். நடுவுல எவ்வளவு தூரம்னு தெரியாது.

அதே மாலர் 1968ல கேட்ட இன்னொரு கேள்வி, நம்மளை நேரா யார்டு வாசல்லயே கொண்டுவந்து விடுது. ஏதாவது ஒரு எண்ணை எடுத்து ஒன்றரை மடங்காக்கிக்கிட்டே போனா, துண்டு எப்பவுமே அரைக்குக் கீழேயே இருக்கிற மாதிரி ஒரு எண் உண்டா? இல்லைன்னுதான் அவர் நினைச்சார். அப்படி ஒண்ணு இருந்தா, அதோட முழுப் பகுதி நம்ம யார்டு விதிப்படியே நகரணும், அதுலயும் ஒற்றைப்படை அடுத்தடுத்து ரெண்டு நாள் வரவே கூடாது.

அதனால இது வீட்டுப்பாடம். யார்டை 4ல ஆரம்பிங்க. 4, 6, 9, 14, 21, 32, 48, 72, 108, 162, 243... 9 ஒற்றை, அடுத்து இரட்டை. 21 ஒற்றை, அடுத்து இரட்டை. தப்பிச்சுட்டே வருது. 243க்கு அடுத்து 365. ரெண்டும் ஒற்றை. மாட்டிக்கிச்சு. இப்போ கேள்வி: கடைசி வரைக்கும் மாட்டாத ஒரு ஆரம்ப எண் உண்டா? எல்லா எண்ணும் என்னைக்காவது மாட்டும்னு நீங்க நிரூபிச்சிட்டா, மாலர் கேள்விக்கு விடை கிடைச்சிடும். இன்னும் யாரும் பண்ணலை.

நிரூபிக்க முடிஞ்ச ஒண்ணையும் சொல்லிடறேன், இல்லைன்னா இருட்டாவே இருக்கும். யார்டு ஒரேயடியா இரட்டையாவே இருந்துட முடியாது. 48ஐ எடுங்க: அதுக்குள்ள நாலு 2 பெருக்கலா இருக்கு. ஒவ்வொரு நாளும் ஒரு 2 போய் ஒரு 3 வரும். 72, 108, 162, 243. நாலு நாள்ல 2 எல்லாம் தீர்ந்து ஒற்றை வந்துடும். அதே மாதிரி ஒரேயடியா ஒற்றையாவும் இருக்க முடியாது. 31ல ஆரம்பிச்சுப் பாருங்க: 47, 71, 107, 161, 242. எல்லாத்துலயும் ஒரு கற்பனைப் பெட்டியைக் கூட்டினா 32, 48, 72, 108, 162, 243. அதே 2 தீர்ந்து போற கதை. அதனால ஒற்றையும் இரட்டையும் முடிவில்லாம மாறி மாறி வந்துட்டே இருக்கும்னு உறுதியா சொல்லலாம். பாதிக்குப் பாதியான்னு கேட்டா மட்டும்தான் வாய் அடைச்சுப் போகுது.

நம்ம கேட்பவங்க பல பேருக்கு கொலாட்ஸ் கணக்கு தெரிஞ்சிருக்கும்: ஒற்றைன்னா மூணு மடங்கோட ஒண்ணு கூட்டு, இரட்டைன்னா பாதியாக்கு, கடைசியில 1க்கு வருதான்னு பாரு. யார்டு விதி அதுக்குக் கூடப்பிறந்த தம்பி. ஒற்றைக்கு ரெண்டும் ஒண்ணுதான், மூணு மடங்கோட ஒண்ணு கூட்டிப் பாதியாக்குறது. இரட்டை வந்தா கொலாட்ஸ் இறங்கும், யார்டு ஏறும். ரெண்டுலயும் நம்மளைத் தடுக்கிறது ஒரே சுவர்: ஒற்றை-இரட்டை வரிசை காசு மாதிரி நடந்துக்குது, காசுன்னு நிரூபிக்க முடியலை.

வராமல் போன பயணி

பிள்ளை 1941ல திருவாங்கூர் போனார், அடுத்த வருஷம் கல்கத்தா பல்கலைக்கழகம். 1950ல பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்துலேர்ந்து ஒரு வருஷம் வந்து தங்கி வேலை செய்ய அழைப்பு வந்தது. போற வழியில ஹார்வர்டுல ஆகஸ்ட் 30 தொடங்கின சர்வதேச கணித மாநாட்டுலயும் கலந்துக்கணும். ஆகஸ்ட் 31, அவர் ஏறின விமானம் கெய்ரோ பக்கத்துல விழுந்தது. 55 பேர். யாரும் பிழைக்கலை. அவருக்கு வயசு 49. விஜயராகவனும் 1955லயே இறந்துட்டார், 52 வயசு.

வேலை மட்டும் தொடர்ந்தது. வாரிங் கணக்குல அஞ்சாம் அடுக்கை 1964ல சீனாவின் சென் ஜிங்ருன் முடிச்சார், விடை 37. நாலாம் அடுக்கு கடைசியா விழுந்தது 1986ல. வாரிங் எழுதி வெச்ச அந்த 19ஐ நிரூபிச்ச மூணு பேர்ல ஒருத்தர் ஆர். பாலசுப்பிரமணியன். பின்னாடி நம்ம தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநரா இருந்தவர். பிள்ளையோட கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டதுலயும் அவர் கை உண்டு. ஆனந்த ராவ், பிள்ளை, விஜயராகவன், பாலசுப்பிரமணியன்: துறைமுகத்துல குமாஸ்தாவோட முடிஞ்சு போச்சுன்னு நான் நினைச்ச கதை, பீச் ஸ்டேஷன்லேர்ந்து பறக்கும் ரயில்ல ஏறினா தரமணி வரைக்கும் ஓடியிருக்கு.

நான் எழுதற சாஃப்ட்வேர்ல ஆயிரம் டெஸ்ட் பாஸ் ஆனா ரிலீஸ் பண்ணிடுவோம். 47 கோடி டெஸ்ட் பாஸ் ஆன ஒரு வரியை, இன்னும் முடியலைன்னு திறந்தே வெச்சிருக்கிற ஒரு துறை இருக்குன்னு தெரிஞ்சப்போ எனக்குக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது. பிள்ளை நினைச்சிருந்தா, பார்த்த வரைக்கும் எல்லாம் சரியா இருக்கு, மீதியும் அப்படித்தான் இருக்கும்னு எழுதிட்டுப் போயிருக்கலாம். அவர் எழுதலை. எனக்கு எது தெரியும், எங்க நிக்கிறேன்னு கோடு போட்டு வெச்சுட்டுப் போனார். அந்தக் கோடு 90 வருஷமா அதே இடத்துல இருக்கு.

அடுத்த தடவை எண்ணூர் ரோட்டுல டிரெய்லருக்குப் பின்னாடி நிக்கும்போது, ஒரு பெட்டி ஏத்தின வண்டி எது, ரெண்டு பெட்டி ஏத்தின வண்டி எதுன்னு பாருங்க. 4ல ஆரம்பிச்ச யார்டு 365ல மாட்டிச்சு. வேற எந்த எண் எவ்வளவு தூரம் தப்பிச்சு ஓடுதுன்னு போட்டுப் பார்த்து எங்களுக்கு எழுதுங்க. ரொம்ப தூரம் ஓடின எண்ணை அடுத்த எபிசோடுல படிக்கிறேன். சந்திப்போம்.